குச்சிச் சோப்பா, டியூப் கிரீமா, ஃபோமா? பிரஷ் சவரத்தைத் தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

பிரஷ்ஷால் நுரை எழுப்பிச் சவரம் செய்யும் பழைய முறையை ஒரு முறையாவது சரியாகச் செய்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவர் பலர். எதை வாங்குவது என்ற இடத்திலேயே அவர்களுக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. குச்சியாகவும் வட்டக் கட்டியாகவும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சவரச் சோப்புகள் உண்டு. அதே சோப்பை மென்மையாக்கி அடைத்த டியூப் கிரீம்கள் உண்டு. டப்பாவை அமுக்கினால் நுரையாகவே வெளிவரும் ஃபோமோ, தேய்த்தால் நுரைக்கும் ஜெல்லோ ஏற்கெனவே குளியலறையில் இருக்கும். இவற்றுக்கு மேல், மரக்கிண்ணத்திலும் பீங்கான் கிண்ணத்திலும் வரும் விலை உயர்ந்த சோப்புகளும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் முதலில் வாங்க வேண்டியது, சேர்மானப் பட்டியல் ஒழுங்காக உள்ள ஒரு மலிவான கட்டிச் சோப்பும் செயற்கை இழை பிரஷ் ஒன்றும்தான். நல்ல நுரைக்குக் காரணம் கொழுப்பின் சேர்மானமும் தண்ணீரும் நாம் கொடுக்கும் நேரமும். விலை ஏற ஏற மாறுவது பெரும்பாலும் வாசனையும் பெட்டியும். இந்த முடிவு பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். முகத்து முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நன்றாக நனையும்போது அது தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் அளவுக்குத் தண்ணீரை உறிஞ்சி, வீங்கி, இளகிவிடுகிறது. இளகிய முடியை வெட்ட, உலர்ந்த முடிக்கு வேண்டியதைவிடக் குறைவான விசையே போதும். வெதுவெதுப்பான நீரில் இந்த இளக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். எனவே பூசும் பொருள் எதுவானாலும் அது செய்ய வேண்டிய வேலை மூன்று: முடியின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்கித் தண்ணீருக்கு வழிவிடுவது, உள்ளே சென்ற தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காப்பது, பிளேடுக்கும் தோலுக்கும் இடையில் வழுக்கலான ஒரு படலமாக நிற்பது. நுரை எவ்வளவு உயரமாகக் குவிகிறது என்பது இந்த மூன்றில் எதிலும் சேராது. பார்வைக்கு மலைபோல் நிற்கும் நுரைதான் பல நேரங்களில் பிளேடின் கீழ் வறண்டு போகிறது.

ஃபோமிலிருந்து சோப்புக்கு மாறியவர்கள் அடையும் வியப்பில் ஒரு பங்கு சோப்புக்கு உரியதன்று, நேரத்துக்கு உரியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஃபோமைப் பூசிய சில நொடிகளிலேயே ரேசரை எடுத்துவிடுவது வழக்கம். சோப்பிலோ பிரஷ் முகத்தில் சுழல்வதே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, முடி ஊறுவதற்கு அதுவே வாய்ப்பாகிவிடுகிறது. நியாயமாக ஒப்பிட விரும்புபவர் முகத்தை வெந்நீரில் நனைத்து, ஃபோமையும் பூசி இரண்டு நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் நல்ல சோப்பே முன்னால் நிற்கும் என்பது என் அனுபவம். ஆனால் இடைவெளி பாதியாகக் குறையும். நேரம் அறவே இல்லாதவருக்கு இது உதவும் செய்தி. காலையில் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்க முடியாதவர் சோப்புக்கு மாறினாலும் பெரிய பயன் காண மாட்டார்; அவர் ஃபோமிலேயே இருந்துகொண்டு குளித்து முடித்தபின் சவரம் செய்வது நல்லது.

அடுத்து, எந்தச் சோப்பு என்பது. இந்த இடத்தில்தான் மலிவுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொழுப்பையும் காரத்தையும் சேர்த்தால் சோப்பும் கிளிசரினும் உண்டாகின்றன. சோடியம் ஹைட்ராக்சைடு கெட்டியான சோப்பைத் தரும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தண்ணீரில் எளிதில் கரையும் மென்மையான சோப்பைத் தரும். குளியல் சோப்பு பெரும்பாலும் சோடியம் சோப்பாகவே இருக்கும். சவரச் சோப்பில் இரண்டும் கலந்திருக்கும், பொட்டாசியத்தின் பங்கு கணிசமாக இருக்கும். கொழுப்பிலும் இதே கணக்கு உண்டு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அது சட்டென்று பொங்கும் பெரிய குமிழிகளைத் தரும், அவை சட்டென்று உடையவும் செய்யும். ஸ்டியரிக் அமிலம் மெதுவாக எழும்பி, நெடுநேரம் நிற்கும் நெருக்கமான நுரையைத் தரும். மாட்டுக் கொழுப்பில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு; பாமாயிலில் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். தாவர எண்ணெயில் செய்யும் நல்ல சவரச் சோப்புகளில் ஸ்டியரிக் அமிலத்தைத் தனியாகச் சேர்ப்பதற்குக் காரணம் இதுவே.

பெட்டியின் பின்புறத்தைப் படித்தால் போதும். சேர்மானப் பட்டியலில் பொருள்கள் அளவு குறைந்துகொண்டே போகும் வரிசையில் அச்சிடப்படுவதால், முதல் நான்கைந்து பெயர்களே சோப்பின் குணத்தைச் சொல்லிவிடும். பொட்டாசியம் ஸ்டியரேட், ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் டாலோவேட் (மாட்டுக் கொழுப்பில் செய்தது), பொட்டாசியம் கோகோயேட் (தேங்காய் எண்ணெயில் செய்தது), கிளிசரின் போன்றவை முன்வரிசையில் இருந்தால் அது சவரத்துக்காகவே செய்யப்பட்ட சோப்பு. சோடியம் பால்மேட் (பாமாயிலில் செய்தது), சோடியம் கோகோயேட் என்று சோடியம் சோப்புகள் மட்டுமே இருந்து, பொட்டாசியமோ ஸ்டியரிக் அமிலமோ எங்குமே இல்லாவிட்டால், அது வட்டமாக வெட்டிய குளியல் சோப்பாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் கிளிசரின் கட்டிகளையும் இதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். உருக்கி ஊற்றி வார்த்த அவற்றுள் சில சவரத்தின் நடுவிலேயே நுரை வற்றிப்போகிறவை. மலிவான சோப்பை வாங்கி ஏமாந்தேன் என்று சொல்பவர்களில் பலர் வாங்கியது சவரச் சோப்பே அல்ல என்பது என் எண்ணம்.

பட்டியல் தேறிவிட்டால், எந்த வடிவம் என்பதே மிச்சம். தொடக்கத்துக்குக் குச்சியை நான் பரிந்துரைப்பேன். துருக்கியின் ஆர்கோ குச்சி இந்த வகைக்கு உலகமறிந்த உதாரணம். 75 கிராம் எடையில் தாளும் தகடும் சுற்றி வரும் அதில், பகட்டு என்று சொல்ல எதுவுமே இல்லை. நனைந்த முகத்தில், முடி வளரும் திசைக்கு எதிராகக் குச்சியைத் தேய்த்து, அதன்மேல் ஈர பிரஷ்ஷைச் சுழற்றினால் நுரை முகத்திலேயே எழும்பிவிடும். கிண்ணம் வேண்டாம், எவ்வளவு சோப்பு எடுத்தோம் என்ற ஐயமும் குறைவு. புதியவர்கள் செய்யும் பிழைகளில் முதலாவது சோப்பைப் போதாமல் எடுப்பது என்பதால், முகத்தில் வெள்ளையாகப் படிவதைக் கண்ணாலேயே பார்க்க முடிவது பெரிய துணை. பருக்களோ புண்களோ உள்ள முகத்தில் மட்டும் குச்சியை நேரடியாகத் தேய்க்கக் கூடாது. அத்தகையவர் அதைச் சிறு கிண்ணத்தில் துருவிப் போட்டு விரலால் அழுத்திவிட்டால், அதுவே கிண்ணச் சோப்பாகிவிடும்.

வட்டக் கட்டியில் இரண்டு இனம் உண்டு. உருளைகளுக்கு இடையே திரும்பத் திரும்ப அரைத்து அழுத்திய கெட்டியான கட்டிகள் மிக மெதுவாகத் தேயும். ஜெர்மனியின் டாபாக் இந்த வகையில் பெயர் பெற்றது. இவற்றின் மேல் சில துளி வெந்நீர் விட்டுச் சில நிமிடம் வைத்து, பிறகு பிரஷ்ஷை அரை நிமிடமாவது சுழற்ற வேண்டும்; அவசரக்காரருக்கு இவை இணங்கா. இத்தாலியின் புரோராசோ போல டப்பாவில் வரும் மென்சோப்புகளை பிரஷ் சில நொடிகளிலேயே அள்ளிக்கொள்ளும், அதற்கு ஏற்பச் சீக்கிரம் தீர்ந்தும் போகும். நுரையின் தரத்தில் இந்த இரண்டு இனத்துக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. பொறுமை உள்ளவர் கெட்டிக் கட்டியையும் அது குறைந்தவர் மென்சோப்பையும் எடுத்துக்கொள்ளலாம்.

டியூப் கிரீமைச் சோப்புக்கு எதிரியாகக் கருதத் தேவையில்லை. அதுவும் பெரும்பாலும் பொட்டாசியம் சோப்புதான். தண்ணீரும் கிளிசரினும் கூடுதலாக இருப்பதால் பிதுக்கும் பதத்தில் நிற்கிறது. விரல் நுனி அளவு எடுத்தால் பிழைக்கே இடமின்றி நுரை வரும். பயணம் மிகுந்தவருக்கு இதைவிட வசதியானது வேறில்லை. பிரஷ் இல்லாமல் விரலாலேயே ஓரளவு நுரை எழுப்பலாம் என்பதால், முதலில் கிரீமை வாங்கிப் பார்த்துவிட்டு பிரஷ்ஷைப் பிறகு யோசிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரஷ்தான் படுத்திருக்கும் முடியை நிமிர்த்துகிறது, தண்ணீரை அடிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது, இறந்த தோலை மெல்லத் துடைக்கிறது. அதை விட்டுவிட்டுச் செய்யும் சோதனை, பழைய முறையின் பாதியைக்கூடக் காட்டாது.

ஃபோமும் ஜெல்லும் வேதிப்பொருள், சோப்பு இயற்கை என்று பேசுவதில் உண்மை குறைவு. பல ஃபோம்களின் அடிப்படையும் ஸ்டியரிக் அமிலம்தான். அதை டிரைஎத்தனாலமீன் என்ற காரத்தால் சோப்பாக்கி, பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்களின் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஃபோமில் காற்றின் பங்கு மிகுதி. வெளிவந்த நுரையில் தண்ணீரின் அளவை நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதன் சிறப்பு, பிரஷ்ஷும் சுழற்றலும் வேண்டாத விரைவு. பிரஷ்ஷை விட்டுவிடும் ஆசை ஸ்பிரே டப்பாவுக்கும் முந்தியது: பிரஷ் வேண்டாத பார்பசால் கிரீம் 1919-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டது, அழுத்த டப்பாக்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வந்தன. அன்று மக்கள் தேடியதும் நேர மிச்சத்தைத்தான்.

சிக்கனக் கணக்கைப் பெட்டியின் விலையை வைத்துப் போடக் கூடாது, ஒரு சவரத்துக்கு ஆகும் செலவை வைத்தே போட வேண்டும். கெட்டிச் சோப்பில் ஒரு சவரத்துக்குச் சுமார் ஒரு கிராம் போகும். கைப்பழக்கம் வந்தபின் அதற்கும் குறையலாம். கிரீமில் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை ஆகும். ஃபோமில் இதைவிடப் பல கிராம் கூடுதலாகப் போகும். அந்தக் கணக்கில் 75 கிராம் குச்சி ஒன்று, நாள்தோறும் சவரம் செய்பவருக்கு இரண்டரை மாதமும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்பவருக்கு ஐந்து மாதமும் வரும். நம்பாதவர், மாதத் தொடக்கத்தில் சோப்பை நன்றாக உலரவிட்டுச் சமையலறைத் தராசில் நிறுத்து, மாத முடிவில் மீண்டும் நிறுத்துப் பார்க்கலாம். பிரஷ்ஷின் விலையையும் சேர்க்க வேண்டும் என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் ஒழுங்காகக் காயவைத்த பிரஷ் பல ஆண்டுகள் உழைக்கும், அவ்வளவு காலத்துக்கும் பிரித்துப் பார்த்தால் அது பெரிய சுமையாக இராது.

என் முடிவைப் புரட்டிப்போடக்கூடிய ஒன்று உண்டென்றால் அது தண்ணீர். கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெண்மையான கசடாகிவிடுகின்றன. நுரையாக வேண்டிய சோப்பின் ஒரு பகுதி அப்படியே வீணாகிறது. மிஞ்சும் நுரையும் வழுக்காமல் இழுக்கும். வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் படிவும், துவைக்கும்போது சோப்பு நுரைக்காத தொல்லையும் இருக்கும் வீட்டில், சவரச் சோப்பும் அதே பாடுபடும். பழி சோப்பின் மேலா தண்ணீரின் மேலா என்று அறிய ஒரு வழி உண்டு. ஒரு நாள் குழாய்த் தண்ணீரிலும், மறுநாள் சுத்திகரித்த குடிநீர் அரைக் குவளையிலும், அதே சோப்பில் நுரை எழுப்பிப் பாருங்கள். இரண்டாம் நாள் நுரை தடித்து மினுங்கினால் குற்றவாளி குழாய்தான். நுரைக்கு வேண்டிய தண்ணீர் சில தேக்கரண்டிகளே என்பதால், அந்த அரைக் குவளையை நாள்தோறும் எடுத்து வைப்பது கடினமன்று. முகத்தையும் ரேசரையும் கழுவக் குழாய்த் தண்ணீரே போதும். அதுவும் இயலாதவர், கடினநீரைத் தாங்கும் பொருள்கள் சேர்த்த கிரீமுக்குப் போகலாம். டெட்ராசோடியம் ஈடிடிஏ, எடிட்ரோனேட் என்று பட்டியலில் இருப்பவை அத்தகையவை.

தோலைப் பொறுத்தவரை, எந்தச் சோப்பும் காரத்தன்மை உள்ளதே. அதன் பிஎச் (அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) 9-க்கும் 10-க்கும் இடைப்பட்டது. தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய அமிலத்தன்மை உள்ளது. ஆரோக்கியமான தோல் சிறிது நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். எக்சிமா என்னும் தோல் அழற்சி போன்ற தொல்லை உள்ளவர், தோல் மருத்துவரைக் கேட்காமல் மாற வேண்டாம். எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணமாவது வாசனைச் சேர்ப்புகளே. லினலூல், லிமோனீன் போன்ற பெயர்கள் பட்டியலின் கடைசியில் இருக்கும். மெந்தால் தரும் குளிர்ச்சியைச் சிலர் விரும்புவர், சிலருக்கு அதுவே எரிச்சல். முழங்கையின் உட்புறத்தில் சிறிது நுரையைத் தடவிக் கழுவி, ஓரிரு நாள் பார்த்தபின் முகத்துக்குக் கொண்டுபோவது பாதுகாப்பு. விலங்குக் கொழுப்பை ஏற்காதவர்கள் டாலோவேட் என்ற பெயரைக் கண்டவுடன் விலக்கிவிடலாம். தாவர எண்ணெயோடு ஸ்டியரிக் அமிலம் சேர்த்த சோப்புகளும் அதே விலையில் கிடைக்கின்றன, நுரையில் அவை பின்தங்குவதில்லை. ஸ்டியரிக் அமிலமும் கிளிசரினும் இரண்டு வழியிலும் வரக்கூடியவை என்பதால், தாவர மூலம் என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருப்பதைத் தேடி எடுப்பது நல்லது.

பிரஷ்ஷில் செயற்கை இழையே முதல் தேர்வு. பன்றி முடி பிரஷ்ஷை ஊறவைத்து, சில வாரம் பழக்கிய பின்பே அது இளகும். பேட்ஜர் என்னும் விலங்கின் முடி தண்ணீரை நிறையப் பிடிக்கும், விலையும் அதிகம். செயற்கை இழைக்கு ஊறவைப்பதும் வேண்டாம், உலரவும் நேரமாகாது. நுரை எழுப்பும்போது பிரஷ்ஷை நனைத்து நன்றாக உதறிவிட வேண்டும். முதலில் வருவது பசைபோல் கெட்டியாக, மங்கலாக, முகத்தில் ஒட்டி இழுக்கும். இந்த நிலையைத்தான் பலர் நுரை என்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள். பிரஷ்ஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சுழற்றினால், சில சுற்றுகளில் மங்கல் மறைந்து, புதிதாகப் பூசிய பெயிண்ட் போல ஒரு மினுக்கம் வரும். தனித்தனிக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாது. பிரஷ்ஷைத் தூக்கினால் எழும் முனை விறைத்து நிற்காமல் மெதுவாக வளையும். இரண்டு விரலுக்கு இடையே தேய்த்தால், ஒன்றை ஒன்று பற்ற முடியாதபடி வழுக்க வேண்டும். குமிழிகள் பெரிதாகி ஓட ஆரம்பித்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. சோப்பில் இன்னும் சிறிது தேய்த்தால் சரியாகும்.

சோதிக்கும் காலத்தில் ரேசரையும் பிளேடையும் மாற்றாமல் இருப்பது அவசியம். சோப்போடு சேர்த்து இரட்டை முனை பிளேடு ரேசருக்கும் மாறிவிட்டால், வந்த காயம் எதனால், வந்த வழவழப்பு எதனால் என்று பிரித்தறிய முடியாது. பழைய கார்ட்ரிட்ஜ் ரேசரிலேயே சோப்பு நன்றாக வேலை செய்யும். நுரையைச் சற்று மெல்லியதாகப் பூசினால் பிளேடுகளுக்கு இடையே அடைக்காது. ஒப்பீடு கூர்மையாக வேண்டுமானால், இடக் கன்னத்தில் சோப்பும் வலக் கன்னத்தில் வழக்கமான ஃபோமும் பூசி, ஒரே நேரம் ஊறவிட்டுச் சவரம் செய்து, அடுத்த முறை பக்கத்தை மாற்றலாம். கவனிக்க வேண்டியது சவரம் முடிந்த கணத்தின் வழவழப்பை மட்டுமன்று. அரை மணி நேரம் கழித்துக் கழுத்தில் இழுப்பு இருக்கிறதா, மாலையில் சிவப்பு தெரிகிறதா என்பவையே தோலின் தீர்ப்பு. சுருள் முடி உள்ளவருக்கு முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளரும் தொல்லையைச் சோப்பு தீர்த்துவிடாது. முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல், குறைந்த தடவைகளில் வழிப்பதுதான் அதற்கு உதவும்.

ஒரு குச்சி தீரும்வரை பொறுத்தால் கை பழகிவிடும். விலை உயர்ந்த சோப்பைப் பற்றி யோசிக்கவும் அதுவே சரியான நேரம். அவற்றில் கம்பளி மெழுகான லானோலின், ஷியா வெண்ணெய் போன்றவை சேர்ந்திருக்கும். சவரத்துக்குப் பின் வறட்சி உணர்பவருக்கு அந்த வேறுபாடு தெரியும், பிறருக்கு வாசனை மட்டுமே தெரியும். வாசனைக்காக வாங்குவதிலும் தவறில்லை, எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருந்தால் சரி. சோப்புப் பழக்கம் தனக்கு ஒத்துவரவில்லை என்று கண்டவர் மீதிக் குச்சியை யாருக்காவது கொடுத்துவிட்டு டியூப் கிரீமுக்குப் போகலாம், பிரஷ் அங்கேயும் பயன்படும். தொடர்பவர் செய்ய வேண்டியது, ஒவ்வொரு முறையும் குச்சியை உடனே மூடி வைக்காமல் உலரவிடுவதும், பிரஷ்ஷை நன்றாக அலசி உதறிக் காற்றோட்டமான இடத்தில் வைப்பதும் மட்டுமே.